நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்று

மே 5, திங்கள்

ஷோரூமிலிருந்து போன் வந்தது. வண்டிக்கு எண் கிடைத்துவிட்டதாம். 4913.

இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு டீச்சராக இருப்பவளிடம் ஒரு எண்ணைக் கொடுத்தால் சும்மா வைத்திருப்பாளா? போனைக் கீழே வைப்பதற்குள் மனசு கூட்டிவிட்டது. நாலும் ஒன்பதும் பதின்மூன்று, ஒன்று பதினான்கு, மூன்று பதினேழு. ஒன்றும் ஏழும் எட்டு.

எட்டு!

எனக்கு இதிலெல்லாம் துளியும் நம்பிக்கை கிடையாது. ஆனால் உலகம்மாள் மதினி இருக்கிறார். என் வீட்டுக்காரருடைய அக்கா, அடுத்த தெருவில் வீடு. போன் நம்பர் வாங்கினாலும் கூட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். மதினி என்ன சொல்வாரோ.

வண்டி எதற்கு என்பதையும் எழுதி வைக்கிறேன். ஜூன் இரண்டாம் தேதி நான் மருதங்கிணறு அரசு உயர்நிலைப்பள்ளியில் தலைமை ஆசிரியையாகச் சேர வேண்டும். பாளையங்கோட்டையிலிருந்து அந்த ஊருக்குக் காலையில் ஒரே பஸ். அது போய்ச் சேரும்போது இரண்டாம் பீரியட் முடிந்திருக்கும். தலைமை ஆசிரியை அந்த நேரத்துக்கு அசைந்தாடிக்கொண்டு போய் இறங்கினால் பள்ளிக்கூடம் உருப்படுமா? இவருக்கு ஸ்கூட்டரைத் தவிர வேறொன்றும் ஓட்டத் தெரியாது. என்னிடம் கார் லைசென்ஸ் இருக்கிறது. ஆறு வருடமாகப் பர்ஸில் கசங்காமல் இருக்கிறது.

மே 6, செவ்வாய்

வண்டி வந்தது. வெள்ளை நிறம். ஷோரூம் பையன் வாசலில் நிறுத்தி, எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைத்து, "எடுங்க மேடம்" என்றான். நீயே உள்ளே விட்டுவிடு தம்பி என்றேன். அழகாக விட்டான்.

சாயங்காலம் மதினி வீட்டுக்குப் போய் எண்ணைச் சொன்னேன். பிறகு தெரிந்து வருத்தப்படக் கூடாது பாருங்கள். நானே கூட்டியும் காட்டினேன். பதினேழு வருகிறது, ஆகாத எண், எட்டு என்றேன். மதினி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"அப்படியா" என்றார்.

அவ்வளவுதான். அந்த 'அப்படியா'வில் எவ்வளவு கோபம் இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும். மதினியின் மனசு சரியாகிற வரைக்கும் வண்டியை எடுப்பது முறையில்லை என்று இவரிடம் சொல்லிவிட்டேன்.

மே 9, வெள்ளி

மாடியில் வடகம் பிழிந்தேன். வெயில் சும்மா சொல்லக்கூடாது, மதியத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது.

டிரைவிங் ஸ்கூல் ரீட்டா வந்தாள். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவள். கணக்கில் முப்பத்தைந்து வாங்கித் தேறினாள். இப்போது எனக்கு அவள் டீச்சர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டாள்.

"வாங்க டீச்சர், எடுப்போம்."

"இல்லம்மா. நம்பர் எட்டு வருது. மதினிக்குப் பிடிக்கல."

"எட்டா? லைசென்ஸுக்கு ஸ்கூட்டர்ல எட்டுப் போட்டுத்தான டீச்சர் வாங்குனீங்க? அப்பம் பிடிச்சிச்சா?"

முப்பத்தைந்து மார்க்குக்கு வாய் அதிகம்தான். நாளைக்கு அவளுடைய பழைய வண்டியிலேயே பழகலாம் என்று ஏற்பாடு.

மே 10, சனி

பயிற்சி நன்றாக நடந்தது. ஒரு இளநீர்க் கடை.

மே 11, ஞாயிறு

இளநீர் இன்னும் மிச்சம் இருக்கிறது. காலையில் டீக்குப் பதில் இளநீர். ரசத்திலும் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தேன். இவர் அதையும் சாப்பிட்டார். இளநீர்க்காரர் மிக நல்ல மனிதர் என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

மே 13, செவ்வாய்

கிரைண்டரில் இட்லிக்கு உளுந்து போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். மனசு போய் அந்த எண்ணிலேயே ஒட்டியது. 4, 9, 1 மூன்றும் வர்க்க எண்கள், அந்தக் கடைசி 3 மட்டும் வெளியூர் ஆள். இரண்டால் வகுபடாது. மூன்றால் வகுபடாது. ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று எதற்கும் மசியவில்லை. பகா எண்ணாக இருந்தால் அதையாவது மதினியிடம் பெருமையாகச் சொல்லலாமே என்று நினைத்துக்கொண்டே பதினேழால் வகுத்தேன். 289 வந்தது, மீதி இல்லை.

289 எனக்குத் தெரியாதா? பதினேழு பெருக்கல் பதினேழு!

அப்படியானால் 4913 என்பது 17 × 17 × 17. பதினேழின் கனம். அந்தப் பதினேழு எங்கிருந்து வருகிறது? 4 + 9 + 1 + 3. தன் இலக்கங்களைக் கூட்டினால் என்ன வருகிறதோ, அதையே மூன்று தடவை பெருக்கினால் மறுபடியும் தானே வந்து நிற்கிறது.

கிரைண்டரை நிறுத்த மறந்து உளுந்து வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. இவரை மாடியிலிருந்து கூப்பிட்டு, சுவர் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். இவர் கூட்டுறவுப் பண்டகசாலையில் வேலை பார்க்கிறார். மூட்டைக் கணக்கைத் தாண்டி எதற்கும் ஆச்சரியப்படாத மனிதர். இரண்டு தடவை பெருக்கிப் பார்த்துவிட்டு, "அட, அதைப் பிரிச்சுக் கூட்டுனாலும் பதினேழு, உடைச்சுப் பார்த்தாலும் பதினேழா!" என்றார்.

"வேற எந்த நம்பருக்காவது இப்படி வருமா வடிவு?"

நல்ல கேள்வி. கல்யாணமான இத்தனை வருடத்தில் இவர் கேட்ட முதல் கணக்குக் கேள்வி.

மே 14, புதன்

முடித்துவிட்டேன். இன்றைக்குச் சமையல் வெறும் புளிச்சாதம்.

முதலில், இந்த விளையாட்டு எவ்வளவு தூரம் போகும்? ஏழு இலக்க எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் அதிகபட்சம் 63தான் வரும். 63இன் கனம் 2,50,047. அது ஆறு இலக்கத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் போகப்போக இன்னும் எட்டாது. ஆக, ஆறு இலக்கத்துக்குள்தான் எல்லாம். ஆறு இலக்கங்களின் கூட்டு 54ஐத் தாண்டாது. ஒன்றிலிருந்து ஐம்பத்து நான்கு வரை கனம் போட்டுப் பார்த்தால் போதும்.

அத்தனையும் போட வேண்டியதில்லை. ஒரு எண்ணை ஒன்பதால் வகுத்தால் என்ன மீதி வருமோ, அதன் இலக்கக் கூட்டை ஒன்பதால் வகுத்தாலும் அதே மீதிதான் வரும். மதினி போன் நம்பரைக் கூட்டிக் கூட்டி ஒற்றை இலக்கமாக்குவதும் இதே வேலைதான்! எட்டாம் வகுப்பில் நான் நடத்துகிற பாடத்தை மதினி போன் கடை வாசலில் நின்று செய்கிறார். இதை இத்தனை நாள் கவனிக்காத என்னை என்ன சொல்வது? ஆக, எண்ணுக்கும் அதன் கனத்துக்கும் ஒரே மீதி வர வேண்டும். மீதி 0, 1, 8 என்று வரும் எண்களுக்கு மட்டும்தான் அப்படி வரும். ஐம்பத்து நான்குக்குள் அந்த மாதிரி பதினெட்டு எண்கள்தான் உண்டு.

உட்கார்ந்து பதினெட்டையும் போட்டேன். 19இன் கனம் 6859, கூட்டினால் 28. சரி, 28இன் கனத்தைப் பார்ப்போம் என்றால் 21952, கூட்டினால் 19! பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம் மாதிரி இரண்டும் மாற்றிக்கொண்டு நிற்கின்றன. தனியாகச் சிரித்தேன்.

கடைசியில் தேறியவை 1, 8, 17, 18, 26, 27. இவ்வளவுதான். இனி எவ்வளவு தேடினாலும் கிடையாது. இவற்றில் பகா எண் ஒன்றே ஒன்று, நம் 17.

அப்புறம்தான் கண்ணில் பட்டது. 8, 17, 26. எட்டாம் நம்பர் என்று ஊரே ஒதுக்கி வைக்கும் மூன்று தேதிகளும் வரிசையாக இதில் உட்கார்ந்திருக்கின்றன! ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

மே 16, வெள்ளி

மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்லேட்டுக்குப் பதில் தரையில் கோலப்பொடியால் எழுதினேன். மதினி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். பெருக்கலை விரல்விட்டுச் சரிபார்த்தார்.

"அப்பம் பதினேழுதான் அதுக்கு மூலமா?"

"ஆமா மதினி. பதினேழு இல்லேன்னா அந்த நம்பரே இல்லை."

மதினி கோலப்பொடியில் இருந்த பதினேழை விரலால் தொட்டுப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி மலர்ந்தது. உள்ளே போய் ஒரு டப்பா நிறைய அதிரசம் எடுத்து வந்து கையில் கொடுத்தார்.

"நல்லாத்தான் இருக்கு. போ, போய் வண்டியை எடு."

இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். என் மனம் நோகக்கூடாது என்று வாய்க்குச் சொல்லியிருப்பார். உள்ளுக்குள் எட்டு எட்டுதானே? இன்னும் பலமாக ஒன்று கண்டுபிடித்துச் சொன்னால்தான் மனசு ஆறும். அதுவரை வண்டி நிற்கட்டும்.

மே 17, சனி

வண்டிக்கு உறை வாங்கிப் போட்டாயிற்று. காக்கைகள் தொல்லை.

மே 19, திங்கள்

இன்றைக்கு நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

4913ஐ இரண்டு வர்க்கங்களின் கூட்டாக எழுத முடியுமா என்று பார்த்தேன். 17 என்பது 4இன் வர்க்கமும் 1இன் வர்க்கமும் சேர்ந்தது. அதனால் அதன் கனத்தையும் அப்படிப் பிரிக்கலாம் என்பது தெரியும். ஒரு விதம் சுலபம், 17இன் வர்க்கமும் 68இன் வர்க்கமும். இன்னொரு விதமும் இருக்க வேண்டும். போட்டுப் பார்த்தேன். 2209 கூட்டல் 2704.

2209 என்பது 47இன் வர்க்கம். 2704 என்பது 52இன் வர்க்கம்.

எனக்கு நாற்பத்தேழு. இவருக்கு ஐம்பத்திரண்டு.

பேனாவை வைத்துவிட்டேன். சந்தோஷமாக இருந்தது. எவனோ ஒருவன் கம்ப்யூட்டரில் தட்டிக் கொடுத்த எண் எங்கள் இரண்டு பேரையும் விசாரித்துவிட்டு வந்தது போல இருந்தது. இதெல்லாம் தற்செயல் என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இவர் வந்ததும் காட்டினேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்று கூட்டிப் பார்த்தார்.

"போன வருசம் வந்திருந்தா இது சரியா வந்திருக்காதுல்லா?"

"வராது. நாற்பத்தாறும் ஐம்பத்தொண்ணும் 4717தான்."

"அடுத்த வருசமும் வராது."

"வராது."

இவர் வாசலுக்குப் போனார். வண்டி உறையைக் கழற்றினார். இடதுபக்கக் கதவைத் திறந்து, டிரைவர் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்தார். பெல்ட்டையும் மாட்டிக்கொண்டார்.

"வா வடிவு. தெருமுனை வரைக்கும் போயிட்டு வருவோம்."

"மதினிட்ட இதை இன்னும் சொல்லலையே."

"அக்காதான் எடுன்னு சொல்லிட்டாளே."

"வாய்க்குச் சொன்னாவ. மனசுல என்ன இருக்குன்னு பார்க்கணும்லா?"

இவர் பெல்ட்டைக் கழற்றி இறங்கி, உறையை ஒழுங்காக இழுத்துவிட்டு உள்ளே வந்தார். இரவு தோசைக்குச் சட்னி நன்றாக இருக்கிறது என்றார். நான் ஒரு தோசையோடு எழுந்துவிட்டேன்.

மே 23, வெள்ளி

கோடை மழை. வடகமெல்லாம் உள்ளே.

பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க 28ஆம் தேதி கடைசி நாள். எழுதிவிட்டேன். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று போட்டிருக்கிறேன். பெரியவர்கள் மனம் நோக ஒரு காரியம் செய்யக் கூடாது. தலைமை ஆசிரியை ஆகாவிட்டால் என்ன, கணக்கு எங்கே போய்விடும்?

மேஜைமேல் இருந்ததை இவர் படித்தார். குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மே 25, ஞாயிறு

காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். மதினி நேராகச் சமையலறைக்கே வந்துவிட்டார். அவர் அப்படிக் கோபமாக வந்து நான் பார்த்ததே இல்லை.

"ஏளா வடிவு, வேலை வேண்டாம்னு எழுதிட்டியாமே. என்னாலயாம். தம்பி மதி வந்து சொல்லுதான். நான் எப்பம்ளா உன்னை வண்டி எடுக்கக்கூடாதுன்னு சொன்னேன்?"

"இல்ல மதினி, எட்டு..."

"கூட்டுனது ஆரு? நீ! எட்டுன்னு சொன்னது ஆரு? நீ! நான் வெங்காயம் உரிச்சேன். அதைத் தவிர நான் என்ன செஞ்சேன்?"

யோசித்துப் பார்த்தேன். மதினி வெங்காயம்தான் உரித்தார்.

"ஆனா அன்னைக்கு 'அப்படியா'ன்னு ஒரு மாதிரி சொன்னீங்களே..."

"பின்ன என்ன சொல்ல? நான் பிறந்ததே ஆகஸ்ட் பதினேழு. என் மூஞ்சிக்கு நேரா வந்து உக்காந்து, பதினேழு ஆகாத நம்பர்னு விரல்விட்டுக் கூட்டிக் காட்டுத. சொந்தத் தம்பி பொண்டாட்டி! எனக்கு எப்படி இருக்கும்?"

நான் அடுப்பை அணைத்தேன். பால் ஏற்கெனவே பொங்கிவிட்டது. இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்து எத்தனை வருடம், மதினியின் பிறந்தநாள் எனக்குத் தெரியாது. நம்பரைக் கூட்டிக் கூட்டிப் பார்த்துத்தான் மதினி எதையும் வாங்குவார் என்பது மட்டும் தெரியும். எட்டு வரும்படியாகத் தேடித்தான் அவர் இவ்வளவு நாளும் வாங்கியிருக்கிறார் என்பதை இன்றைக்குத்தான் சொன்னார். போன் நம்பர், கேஸ் புத்தகம், எல்லாம் எட்டு.

"மன்னிச்சிருங்க மதினி."

"அது போட்டும். கோலப்பொடில பதினேழுதான் மூலம்னு எழுதுனேல்லா, அப்பமே எனக்கு மனசு குளுந்துட்டு. இப்பம் உண்மையைச் சொல்லு. ரீட்டா எல்லாம் சொல்லிட்டா. இளநீர்க் குவியல்ல ஏத்துனியாம். காய் அம்புட்டும் உருண்டு ரோட்டுக்கு வந்து, பஸ்ஸு நின்னு, கண்டக்டர் இறங்கி வந்து பொறுக்கிக் குடுத்தானாமே?"

"கண்டக்டர் மட்டுமில்ல. பஸ்ல இருந்த எல்லாரும்."

மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அழுகை வந்தது, பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லிட்டுப் போ. என் பேரை ஏன்ளா இழுக்க?"

பயம்தான். எழுதிவிட்டேன். அந்தக் காய்கள் உருண்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. காய்க்குப் பதில் ஒரு குழந்தையாக இருந்திருந்தால் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன், ஒரு நாளும் எழுதவில்லை. அதற்குப் பதிலாகத்தான் பதினெட்டு எண்களுக்குக் கனம் போட்டுக்கொண்டிருந்தேன்.

மதினி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"சாவியை எடு. ரீட்டாவை வரச் சொல்லிட்டேன். அவ உன் பக்கத்துல இருக்கட்டும், நான் பின்னால இருக்கேன். பதினேழோட வண்டியில பதினேழாந்தேதிக்காரி ஏறுதேன். என்ன வந்துரும்னு பார்ப்போம்."

நாலு தடவை மைதானத்தைச் சுற்றினேன். முதல் சுற்றில் வண்டி மூன்று இடத்தில் நின்றது. மதினி கண்ணை மூடிக்கொண்டே, "அருமையா ஓட்டுத, அருமையா ஓட்டுத" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

மே 28, புதன்

தினமும் விடிகாலையில் ரீட்டாவோடு வண்டி. இன்று மருதங்கிணறு பள்ளிக்கூட வாசல் வரை போய்த் திரும்பினோம். வரும்போது ஒரு தடவைகூட ரீட்டா ஸ்டீயரிங்கில் கை வைக்கவில்லை. எனக்கு என்ன மார்க் என்று கேட்டேன்.

"முப்பத்தஞ்சு போடுதேன் டீச்சர். பாஸ் பாஸ்தான?"

எழுதி வைத்த கடிதத்தை மதினி மோர்மிளகாய்க்கு அடியில் விரித்துக் காயப் போட்டிருக்கிறார். கடைசி நாள் இன்றோடு முடிந்தது.

ஜூன் 2, திங்கள்

தனியாகப் போனேன்.

இவர் கூட வருகிறேன் என்றார். மதினியும் கிளம்பி நின்றார். வேண்டாம் என்றேன். நாளைக்கும் மறுநாளும் யார் வருவார்கள்? இவர் கதவருகில் நின்று, ஹாண்ட் பிரேக், கண்ணாடி, பெல்ட் என்று எனக்கே பாடம் நடத்தினார். தெரு திரும்பும்வரை இருவரும் வாசலிலேயே நின்றார்கள்.

ரயில்வே கேட்டில் வண்டி அணைந்துவிட்டது. கேட் திறந்ததும் பின்னால் ஒரு பஸ், ஒரு வைக்கோல் லாரி, ஒரே ஹாரன். உள்ளங்கை வேர்த்து ஸ்டீயரிங் வழுக்கியது. பஸ் டிரைவர் தலையை நீட்டி, "ஏ யம்மா, வீட்ல ஆம்பளை இல்லியா?" என்றான். இருக்கிறார், அவருக்கு ஓட்டத் தெரியாது என்று கத்தினேன். அவன் சிரித்துவிட்டான். கிளட்சை மிதித்து, சாவியைத் திருப்பி, தண்டவாளத்தைத் தாண்டினேன்.

அதற்கப்புறம் ஆடு குறுக்கே வந்தது, நிறுத்தினேன். ஒரு பாட்டையா சைக்கிளில் ரோட்டின் நடுவே வந்தார், அவர் ஒதுங்கும்வரை மெதுவாகப் பின்னாலேயே போனேன். வாழைத்தோட்டங்கள் வந்தன. பிறகு பள்ளிக்கூட மணிக்கூண்டு தெரிந்தது. அப்போதுதான் தோன்றியது, வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து அந்த எண்ணை நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. அது வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் எழுதியிருக்கிறது. உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிறவருக்குத் தெரிவதில்லை.

பிரார்த்தனைக்கு இன்னும் நேரம் இருந்தது. அலுவலக உதவியாளர் சுடலைமுத்து ஓடி வந்து கேட்டைத் திறந்தார். வேப்பமரத்து நிழலில் நிறுத்தினேன், கொஞ்சம் கோணல். நான் இறங்கியதும் அவர் குனிந்து வண்டிக்குள் பார்த்தார்.

"வாங்கம்மா, வணக்கம். டீ வாங்கியாரச் சொல்லிட்டேன், ரெண்டு. டிரைவர் எங்கம்மா இறங்கிட்டாவ?"

"டிரைவருக்கு உள்ளதையும் எங்கிட்டயே குடுங்க" என்றேன்.

அவர் மறுபடியும் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். தலைமை ஆசிரியை நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன். டீ வந்தது. இரண்டையும் நானே குடித்தேன்.